கண்ணுக்குத் தெரியாத பூட்டுகள் – 9: முன்னூற்று எழுபத்தாறு பைட்

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. நம் கடிகாரத்தில் காலை 11 மணி. தென்கொரியாவின் இணையம் அப்படியே படுத்துவிட்டது. சற்று நேரத்தில் அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் பணம் தர மறுத்தன. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரில் 911 அவசர அழைப்புகளை ஊழியர்கள் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

காரணம், பின்னர் 'ஸ்லாமர்' என்று பெயர் பெற்ற ஒரு புழு. மொத்தமே 376 பைட்தான். நீங்கள் இப்போது படித்த முதல் பத்தியைக் கணினியில் சேமித்தால் அதைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டித்து, பத்தே நிமிடத்தில் தான் நுழையக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது.

அது நுழைந்த ஓட்டை மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இருந்தது. வெளியிலிருந்து வரும் பெயரை வாங்கி வைக்க அளவான ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்; வந்தது அதில் கொள்ளுமா என்று மட்டும் பார்க்கவில்லை. உழக்கில் ஒரு படியைக் கொட்டினால் வழியத்தானே செய்யும்? வழிந்தது, நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற குறிப்பின் மேலேயே விழுந்தது. அந்தக் கணத்திலிருந்து கணினி புழுவின் சொல்படி நடந்தது. இது அன்றைக்கே பழைய, எல்லோரும் அறிந்த வகைப் பிழை.

“2002 ஜூலையிலேயே ஓட்டையை அடைக்கும் பேட்ச் கொடுத்தாயிற்றே, போடாதது யார் தவறு?” என்று கேட்டவர்கள் உண்டு. என்னால் இதை ஏற்க முடியவில்லை. இந்த சர்வரின் சிறு வடிவம் ஒன்று வேறு பல மென்பொருள்களுக்குள் சேர்ந்தே வந்தது. தன் கணினியில் அது இருப்பதே தெரியாதவர் எதற்கு பேட்ச் போடுவார்? அதைவிட ஒன்று: மைக்ரோசாஃப்டின் சொந்த வலைப்பின்னலுக்குள்ளேயே புழு புகுந்தது. செய்தவர்களாலேயே எல்லாக் கணினிக்கும் பேட்ச் போட்டு முடிக்க இயலவில்லை. புது வசதியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுங்கள் என்று பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

தென்கொரியாவில் ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. ஆனால், நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிற உரிம ஒப்பந்தங்கள் காலம் காலமாக ஒன்றைத்தான் சொல்லிவந்தன: பொருள் இருக்கிறபடியே தரப்படுகிறது, இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல. பிரஷர் குக்கர் செய்பவர் இப்படி எழுதிக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கு ஒரு முடிவு கட்டியது. புதிய பொருள் பொறுப்புச் சட்டத்தில் மென்பொருளும் ஒரு பொருள்தான். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் இதைத் தம் சட்டமாக்க வேண்டும். உயிருக்கும் உடலுக்கும் மட்டுமல்ல, தனிமனிதரின் தரவு அழிந்தாலும் இழப்பீடு கேட்கலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தராமல் விட்டதும் குறையாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வரி சேர்த்து நழுவ முடியாது.

ஆனால் இது தனிமனிதர்களுக்கு மட்டும். அன்று ஏடிஎம் முடங்கிய வங்கி போன்ற நிறுவனங்கள் இதன்கீழ் ஒரு காசு கேட்க முடியாது. இலவசமாக, வணிக நோக்கின்றி எழுதப்படும் திறந்த மூல நிரல்களுக்கும் விலக்கு உண்டு. அது ஏன் நியாயம் என்பதை 2014இன் ஹார்ட்பிளீட் கதையோடு அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)