நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா, தேவையைச் சொன்னால் போதுமா?

என் அக்கா மகளுக்கு 14 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது அவளுக்கு 27 வயது. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. சேர்ந்து எட்டு மாதம் வரை அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. சாப்பாட்டுப் பைக்குள் இன்னொரு சின்னப் பை வைத்திருப்பாள். அதில் இன்சுலின் பேனா, ஊசிமுனைகள், குளுக்கோமீட்டர். மதியம் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்துதான் டப்பாவைத் திறப்பாள்.

மார்ச் கடைசி வாரம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். காலை பத்தரைக்குத் தொடங்கிய கூட்டம் ஒரு மணியை நெருங்கியும் முடியவில்லை. அவளுக்கு விரல் நடுங்கத் தொடங்கியது, உதட்டோரம் மரத்தது, திரையில் இருந்த எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. சுகர் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் பொட்டலம் மேசை டிராயரில் இருந்தது, இருபது அடி தூரம். மேலாளர் அவள் தயாரித்த தாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எப்படி எழுந்து போவது என்று உட்கார்ந்தே இருந்துவிட்டாள். "என்னம்மா, தூக்கமா?" என்று யாரோ கேட்டது மட்டும் காதில் விழுந்ததாம். பக்கத்தில் இருந்தவரின் அப்பாவுக்கும் சர்க்கரை நோய். அவள் நெற்றி வியர்வையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. டீயில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் குடிக்க வைத்தார்.

அன்று இரவு போன் செய்தாள். "சித்தி, இப்பவாவது சொல்லிடட்டுமா? சொன்னா கன்ஃபர்ம் பண்ணுவாங்களா?"

இந்தக் கேள்வியோடு வேலைக்குப் போய் வருகிறவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இதோடு வலிப்பு, முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு, எச்.ஐ.வி. எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வரிசையில் நான்காவது இருக்கையில் இருப்பவரும் டிராயரில் ஏதோ ஒரு மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருக்கக்கூடும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கிற ஒருவர், தனக்கு இருக்கும் நோயையெல்லாம் தானாக முன்வந்து சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பொதுவான கட்டாயம் எதையும் நம் சட்டம் விதிக்கவில்லை. நேர்முகத் தேர்வில் உங்கள் படிப்பும் அனுபவமும்தான் பேச்சு. அங்கே நோயைப் பற்றி வாய் திறக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வேலை கிடைக்காமல் போனால் அதற்கு எது காரணம் என்று நம்மால் ஒருபோதும் நிரூபிக்க முடியாது.

எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, வேலை தருவதற்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்ற காரணத்துக்காக வேலையை மறுக்கவோ பறிக்கவோ கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தன் நிலையைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தவும் முடியாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வேறு வகையில் உதவுகிறது. அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, மனநோய், நாட்பட்ட நரம்பியல் கோளாறுகள் ஆகியவையும் அடங்கும். அரசு வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும். இருந்தும், அரசு ஊழியருக்குக் கிடைக்கிற அந்த உறுதியான வேலைப் பாதுகாப்பு தனியார் ஊழியருக்கு எழுதப்படவில்லை. நாட்டில் பெரும்பாலானோர் வேலை செய்யும் இடத்தில்தான் இந்த ஓட்டை இருக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். அக்கா மகளுக்கு வந்திருக்கும் டைப் 1 அந்த 21-ல் இல்லவும் இல்லை. பள்ளியில் படிக்கும்போது அவளைப் போன்ற பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் எடுத்துப்போக மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ல் அனுமதி தந்தது. வேலைக்கு வந்த பிறகு அந்தப் பழத்துக்குக்கூட ஒரு மேலாளரின் நல்ல மனதை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்கள் சில நேரம் சட்டத்தின் எழுத்தைத் தாண்டி வருகின்றன. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பதாகச் சொல்லி வேலை மறுக்கப்பட்டது. சலுகைக்குரிய குறைபாடாக அது பட்டியலில் இல்லாவிட்டாலும், அவருக்கு ஏற்ற இடத்தில் ஏற்ற வேலை தரலாமே என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2021-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கு. மனநோயோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் பாகுபாட்டின் ஒரு முகமே என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. எழுத்தில் பொய் சொல்வது வேறு சங்கதி. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நியமனக் கடிதத்தோடு ஒரு மருத்துவப் படிவம் வரும். "கீழ்க்கண்ட நோய்கள் உண்டா" என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னாளில் நோயைக் காட்டி நீக்கத் தயங்குகிற நிறுவனம் கூட, தவறான தகவல் தந்தார் என்று சொல்லி நீக்கிவிட முடியும். படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். கூடவே 'சிகிச்சையில் உள்ளேன், கட்டுப்பாட்டில் உள்ளது, இந்தப் பணிக்குத் தடையில்லை' என்று ஒரு வரி சேருங்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கி இணையுங்கள்.

அதற்காக, கேட்கிற கேள்வி எல்லாமே முறையானது என்று ஆகிவிடாது. எல்.ஐ.சி.யில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண், மாதவிடாய், கருத்தரிப்பு பற்றிய கேள்விகளுக்கு உள்ளதை எழுதவில்லை என்று நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 1991-ல் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து எடுத்துவிடும்படியும் சொன்னது. அவர் வென்றார், ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் எல்லோராலும் அது முடியாது என்பதால்தான் படிவத்தில் பொய் வேண்டாம் என்கிறேன்.

சொல்லியே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. பேருந்து, லாரி, கிரேன் ஓட்டுகிறவர்கள், உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள், சுழலும் இயந்திரத்துக்கு முன் நிற்கிறவர்கள் வலிப்பையோ திடீர் மயக்கத்தையோ மறைக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவமே வலிப்பு உண்டா, திடீரென நினைவு தப்புமா என்று கேட்கிறது. அங்கே இன்னொருவர் உயிரும் சேர்ந்திருக்கிறது.

மற்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு, சொல்வதால் என்ன கிடைக்கும்? இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, கையில் பிடித்துக்கொள்ளத் திடமான ஒன்று இருக்கிறது. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீளும். சர்க்கரை நோயால் சிறுநீரகமோ காலோ பாதிக்கப்பட்டால் அதுவும் இதில் சேரும். சான்றிதழ் கொடுக்காமல் சொந்த விடுப்பை எடுத்துத் தீர்த்துவிட்டு, கடைசியில் வேலையை விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் பணம் வந்திருக்க வேண்டும்.

குழு மருத்துவக் காப்பீடு இருக்கும் இடங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செலவு கிடைக்கும். பெரிய நிறுவனங்களில் பில்கள் நேரே காப்பீட்டுக்காரர்களிடம் போகும். சின்ன நிறுவனத்தில் எச்.ஆர். மேசை வழியாகப் போகும், ரகசியமும் அந்த மேசையிலேயே உடையும். எப்படிப் போகிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக வாங்கும் தனிப் பாலிசிக்கு முன்மொழிவுப் படிவத்தில் நோயை மறைக்கவே கூடாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்தால் பின்னால் க்ளெய்ம் நிற்காது.

அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். நோயின் முழு வரலாற்றையும் யாருக்கும் ஒப்பிக்க வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுது. எழுதினாள். மூன்றே வரி வந்தது. சாப்பாட்டு நேரம் ஒன்றரையைத் தாண்டக் கூடாது. கூட்டத்திலும் கையில் ஏதாவது தின்பதற்கு வைத்துக்கொள்ளலாம். இன்சுலினை வைக்க பேன்ட்ரி ஃபிரிட்ஜில் ஓர் ஓரம் வேண்டும். இந்த மூன்றால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அதைக் கேட்கும் மின்னஞ்சலை இருவரும் சேர்ந்து எழுதினோம். 'நீண்டகாலச் சிகிச்சையில் இருக்கிறேன், என் வேலையை இது பாதிக்கவில்லை, கீழ்க்கண்ட மூன்றும் தேவை' என்று தொடங்கி, மருத்துவரின் கடிதத்தை இணைத்தோம். நோயின் பெயரைப் போடுவதா என்று வெகுநேரம் யோசித்தாள். முடக்குவாதமோ மனச்சோர்வோ என்றால் போடாதே என்றிருப்பேன். சுகர் இறங்கினால் சுற்றி இருப்பவர்கள் நிமிடங்களில் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதால் போடச் சொன்னேன். எச்.ஆருக்கும் மேலாளருக்கும் மட்டும் அனுப்பினாள், நகலைத் தன் சொந்த முகவரிக்கும் அனுப்பி வைத்துக்கொண்டாள். டீ கொடுத்த அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நேரிலேயே சொன்னாள். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108.

எப்போது சொல்வது என்பதிலும் அவள் தயங்கினாள். பணி உறுதியாகும்வரை பொறுத்திருந்தால் நல்லது என்பது பலரும் சொல்லும் யோசனை, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை கூட்டத்தில் மயங்கிய பிறகு காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. தூங்கினாள், கவனமில்லை என்று அந்த நாள் அவள் மதிப்பீட்டில் பதிந்துவிடும். உண்மையான காரணம் எழுத்தில் இருந்தால் அதற்கு ஒரு பதிலாவது இருக்கும்.

எனக்கு இதில் பிடித்த சட்டம் எந்த நோயையும் பெயர் சொல்லாத ஒன்று. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். துணிக்கடையில் பத்து மணிநேரம் நிற்கும் பெண் அந்த நாற்காலிக்காகத் தன் மூட்டுவலியையோ கால் நரம்புச் சுருட்டலையோ மாதவிடாயையோ யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்குமான நேரத்துச் சாப்பாடும், எல்லோருக்குமான ஃபிரிட்ஜும் இருந்திருந்தால் எங்கள் மூன்று வரி மின்னஞ்சலில் பாதி தேவைப்பட்டிருக்காது.

பதில் இரண்டு நாளில் வந்தது. சரி என்று ஒரு வரி. பணியும் உறுதியானது. ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில் அவள் பெயர் ஒட்டிய நீலப் பை இருக்கிறது, கழிப்பறைக்குப் போகாமல் மேசையிலேயே ஊசி போட்டுக்கொள்கிறாள். முதலில் சிலர் திரும்பிப் பார்த்தார்களாம், இப்போது பார்ப்பதில்லை. "உனக்கு எதுக்கும்மா இந்த வேலைப்பளு" என்று ஒருவர் பரிவாகக் கேட்டு, அவளைக் கேட்காமலே ஒரு பொறுப்பை வேறொருவருக்கு மாற்றியதும் நடந்தது. அதற்கு அவள் தனியாகப் போய்ப் பேசி அந்தப் பொறுப்பைத் திரும்ப வாங்கினாள்.

போன மாதம் மேலாளர் மாறினார். புதியவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய மின்னஞ்சலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, மறுபடி அனுப்பியிருக்கிறாள்.