குப்பையைப் பிரிக்கச் சொல்லும் பாடத்தில் அள்ளுகிறவர் எங்கே?

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. பாடநூல்களை மாற்றி எழுதுவது பற்றிய பேச்சும் கூடவே எழுந்திருக்கிறது. கல்வியாளர்கள் கூடும் இடமெல்லாம் 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல் தவறாமல் கேட்கிறது. தொடக்கப் பள்ளியிலேயே சூழல் அறிவை ஊட்ட வேண்டுமாம். ஊட்டட்டும். சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது யாருடைய சூழல் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இப்போது சூழல் பாடம் என்றாலே மரம் நடு, தண்ணீரைச் சேமி, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துப் போடு என்பதுதான். தொட்டியில் போட்டதும் பாடம் முடிந்துவிடுகிறது. தொட்டியைத் தூக்குகிறவர் அதில் இல்லை. இருந்தாலும் 'நமக்கு உதவுவோர்' பக்கத்தில் தபால்காரருக்கு அருகில் சிரித்தபடி நிற்பார். அவருடைய கூலி என்ன, கையுறை கொடுத்தார்களா, அவர் பிள்ளைக்கும் ஏன் அதே வேலை காத்திருக்கிறது என்பதெல்லாம் பாடத்துக்கு வெளியே. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தூய்மைப் பணியாளரின் மகளுக்கோ இவை எல்லாம் தெரியும்.

பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்கிறது பாடம். குழாயே இல்லாத வீட்டுப் பிள்ளை எதை மூடும்? நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அந்தக் குழந்தைகள் படிக்கும் நூலிலும் 'நீர் நம் உயிர்' என்றுதானே எழுதுவோம்? 1927-இல் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்த தண்ணீரை வரலாற்றுப் பாடத்துக்குத் தள்ளிவிட்டோம். அதைவிடப் பெரிய சூழல் பாடம் எது?

நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் ஒரு காலனியில், 'உங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் வழியை வரையுங்கள்' என்றோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண்மாய், மடை, வாய்க்கால், வயல் என்று வரைந்துகொண்டே போனாள். ஊர் மேட்டில் இருந்தது. காலனியைக் கலுங்குக்குக் கீழே பள்ளத்தில் வைத்தாள். மழைக்கு முதலில் மூழ்குவதும் கோடையில் முதலில் காய்வதும் அந்தத் தெருதான். தாளின் ஓரத்தில் ஊர்க் குப்பை கொட்டும் இடத்தையும் வரைந்து, "இது எங்க வீட்டுக்குப் பின்னாடி" என்றாள். எந்தப் பாடநூலும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

மடைக்கு அருகே ஒரு ஆளையும் நிறுத்தியிருந்தாள். அவளுடைய தாத்தா, அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. பாசனக் கண்மாய்களில் தலைமுறைகளாக மடை திறந்து, வயலுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கிட்டு, பஞ்சத்திலும் சண்டை வராமல் தண்ணீர் காட்டியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. நீடித்த வளர்ச்சிக்கு வெளிநாட்டு உதாரணம் தேடுகிறவர்கள் இவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

இப்படி எழுத முடியாது என்பதில்லை. 2005 கலைத்திட்ட வரைவை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில், 'இந்த வேலையை யார் செய்வார்கள்?' என்று ஒரு பாடம் இருந்தது. துப்புரவுத் தொழிலாளர்களோடு நடத்திய உரையாடலில்தான் அது தொடங்கும். பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும் மொழியிலேயே சாதியும் துப்புரவும் பேசப்பட்டன. நம் பாடநூல் குழு அதை முதலில் புரட்டிப் பார்க்கட்டும்.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் ஐந்திணையை எடுத்துக்கொண்டு வருவார்கள். நாங்களும் தமிழ் படித்தவர்கள்தான். தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது மரத்தையும் பறவையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பறையையும் மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணுகிறது. நம் சூழல் பாடமோ மரத்தையும் பறவையையும் எடுத்துக்கொண்டு பறையையும் தொழிலையும் விட்டுவிட்டது. எது தற்செயல், எது பழக்கம் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

இன்னொரு அச்சமும் உண்டு. 'செய்து கற்றல்' என்று துடைப்பத்தைக் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும்? ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியை ஒருவர் 2022-இல் கைது செய்யப்பட்டார். பள்ளியில் தூய்மைச் செயல்பாடு என்று எழுதினால் அதில் எல்லாப் பிள்ளைகளும், ஆசிரியர்களும் முறை வைத்துப் பங்கெடுக்க வேண்டும். கழிவறைக்குக் கூலி கொடுத்துப் பணியாளர் வைக்க வேண்டும். இதை ஆசிரியர் கையேட்டிலேயே அச்சடிக்க வேண்டும். வாய்மொழியாக விட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தவர்கள் நாம்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் பெற்றோர் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். பலர் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன், புதிய சூழல் பாடத்தில் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சியும் குப்பை அள்ளுகிறவரும் இடம்பெற வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நகலை எங்களுக்கும் ஒன்று அனுப்பினால், ஒன்றாகச் சேர்த்துப் பாடநூல் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுப்போம்.