பெயின்ட் கடைசியில்தான் பாஸ்!

ரெண்டே சீட். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு துணி டாப் மட்டும்தான். நீளமான பானட், பளிச்சென்று குரோமிய பம்பர், சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம். பழைய இங்கிலீஷ் படங்களில் ஹீரோ மஃப்ளர் பறக்கப் பறக்க ஓட்டி வருவாரே... அந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைத்தான் சொல்கிறோம்!

அதே கார் ஐம்பது வருஷம் கழித்து, டயரில் காற்று இறங்கி, கதவு தொங்கி, எலி கூடு கட்டி ஒரு ஷெட்டில் கிடந்தால்? 'பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்'னு நாம சொல்வோம். பிரிட்டனில் அதை வீட்டுக்கு இழுத்து வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு ஆனால் போதும்... அழுக்கு ஓவராலை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். பேங்க் வேலை பார்ப்பவர், ஸ்கூல் வாத்தியார், ரிட்டயர்டு தாத்தா என்று எல்லா ரகமும் இதில் உண்டு.

'இது மெக்கானிக்கல் பசங்க மேட்டர்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஆர்வமாக ஆரம்பித்து, பாதியில் நிற்கிற ப்ராஜெக்ட் ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கும்ல? அப்போ இது உங்களுக்கும்தான்!

அம்பாசடருக்கு அண்ணன் முறை!

பல மாடல்கள் இருந்தாலும், வீட்டில் வைத்து ரிப்பேர் பார்ப்பவர்களின் செல்லம் எம்.ஜி.பி. எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த கம்பெனி, 1929-ல் பக்கத்து ஊரான ஆபிங்டனுக்குக் குடிபோனது. அங்கேதான் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல்!

முடிவு மட்டும் சோகம். 1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊரே பொன்விழா கொண்டாடியது. தோரணம் காய்வதற்குள், அதே மாதம் 10-ம் தேதி, 'ஃபேக்டரியை மூடப்போகிறோம்' என்று அறிவித்தது நிர்வாகம். 1980 அக்டோபரில் கதை முடிந்தது. எம்.ஜி. என்ற பெயர் இன்றைக்கு ஒரு சீனக் கம்பெனியிடம் இருக்கிறது. நம்மூர் ரோட்டில் 2019 முதல் ஓடுகிற ஹெக்டர், அந்தப் பெயரில் வந்த வண்டிதான்.

இன்னொரு சொந்தமும் உண்டு. எம்.ஜி.பி-யின் பானட்டுக்கு அடியில் இருப்பது 1,798 சி.சி. 'பி-சீரிஸ்' என்ஜின். நம்ம அம்பாசடரில் வருஷக்கணக்காக உறுமியதே 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின்... அதுவும் பி-சீரிஸ்தான்! 2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால், அம்பாசடர் மேல் கை வைத்துப் பழகிய பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரை எம்.ஜி.பி. முன்னால் நிறுத்துங்கள்... 'அட, நம்ம பயலா!' என்பார்.

அழகு மேலே... ஆபத்து கீழே!

ஷெட்டில் கிடக்கும் காரைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, 'சிவப்பு கலர் அடிச்சு பளபளன்னு ஆக்கிடணும்!' அங்கேதான் சறுக்கல் ஆரம்பம்.

எம்.ஜி.பி-க்கு முந்தைய எம்.ஜி.ஏ-வில் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எம்.ஜி.பி-யில் அது கிடையாது. பாடியே எலும்புக்கூடு. திறந்த கார் என்பதால் தாங்கிப்பிடிக்கக் கூரையும் இல்லை. அப்போ மொத்த பலமும் எங்கே? கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற தகட்டுப் பெட்டியில். அதற்கு 'சில்' என்று பெயர். வெளித்தகடு, உள்தகடு, அடியில் ஒரு மடிப்புத்தகடு... இவை சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன.

பிரிட்டனில் குளிர்காலத்தில் ஐஸ் உறையாமல் இருக்க ரோட்டில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புச்சேறு முன் சக்கரத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொள்ளும். அப்புறமென்ன... தகடு உள்ளிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். வெளியே அப்பளம் மாதிரி ஒரு சின்ன உப்பல் தெரிந்தால், உள்ளே பாதி காலி என்று அர்த்தம்.

இதை மறைப்பது ரொம்ப ஈஸி. பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் முடிந்தது. விற்கிறவருக்கு லாபம். வாங்கி ஓட்டுகிறவருக்கு? பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால் குறுக்கே இருப்பது வெறும் பட்டி!

அதனால் கில்லாடிகள் முதலில் படுத்துக்கொண்டு அடியில்தான் பார்ப்பார்கள். காந்தம் வைப்பார்கள், ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. ஜாக்கியில் தூக்கும்போது கதவின் இடுக்கைக் கவனிப்பார்கள். இடுக்கு சுருங்கினால் கார் நடுவில் வளைகிறது, சில் போய்விட்டது என்று அர்த்தம்.

சில்லை மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக்கம்பி வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்ட வேண்டும். வெல்டிங்கை முழுசாக முடிக்கும் முன் கதவை மாட்டி, சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கார் வாழைப்பழம் மாதிரி வளைந்தே நின்றுவிடும். அதுக்கப்புறம் எந்த பெயின்ட் அடிச்சும் பிரயோஜனம் இல்லை!

தகடு வேலை... அடுத்து பிரேக், சஸ்பென்ஷன்... அடுத்து என்ஜின், வயரிங்... கடைசியில்தான் அலங்காரம். காரை முழுசாகப் பிரித்து வேலை பார்ப்பவர்கள், என்ஜினைத் திரும்ப இறக்கும் முன்பே பெயின்ட் அடிப்பதுண்டு. அப்பவும் தகடு வேலை முடிந்த பிறகுதான். கண்ணுக்குத் தெரியாத இடம் முதலில். ஊர் பார்க்கிற இடம் பிறகு!

பிரிக்கிறது ஈஸி... மாட்டுறதுதான் வைவா!

ஒரு காரை ரெண்டு வீக் எண்டில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடலாம். அந்த ஜோஷில்தான் பல பேர் கவிழ்கிறார்கள். அட்டைப்பெட்டி நிறைய நட்டு, போல்ட். எது எங்கே இருந்தது என்று ஆறு மாசம் கழித்து ஞாபகம் இருக்காது. ஆர்வம் வடிந்துவிடும். 'பாதியில் நிற்கும் கார், விற்பனைக்கு' என்று விளம்பரம் கொடுக்கவேண்டி வரும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஜான் ஹெய்ன்ஸ். ஸ்கூல் பையனாக இருந்தபோதே ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைத் தன் கையால் ஸ்போர்ட்ஸ் காராக மாற்றி, எப்படிச் செய்தேன் என்று சின்னப் புத்தகம் போட்டு 250 பிரதிகள் விற்றவர். பிறகு விமானப்படையில் சேர்ந்து ஏடன் போனார். அங்கே நண்பரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரைச் சரிசெய்யும்போது, கம்பெனி கொடுத்த கையேடு சாதாரண ஆளுக்குப் புரியாது என்பது உறைத்தது. உடனே கேமரா வாங்கினார். பிரிப்பதையும் மாட்டுவதையும் படிப்படியாக போட்டோ எடுத்தார். 1966-ல் வெளிவந்த முதல் 'ஹெய்ன்ஸ் மேனுவல்' அப்படிப் பிறந்ததுதான். 2019-ல் அவர் மறைந்தார். ஆனால், ஷெட்டுகளில் கிரீஸ் கறை படிந்த அவருடைய புத்தகங்கள் இன்னும் வாழ்கின்றன.

உங்க கையில் இப்போ கேமரா போனே இருக்கு. கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பிறகு ஒரு போட்டோ. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி பிளாஸ்டிக் கவர், அதன்மேல் பேரும் தேதியும். ரெக்கார்டு நோட் எழுதுற மாதிரிதான். என்ன, இதில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து காப்பியடிக்க முடியாது!

காதால் பார்க்கும் வைத்தியம்

இந்த என்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. உங்கள் கண்ணும் காதும்தான் சென்சார்.

டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக எட்டு வால்வு. எதை எப்போது சரிசெய்வது? '9' என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 8-ம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யலாம். 7 திறந்திருந்தால் 2. 6 என்றால் 3. கூட்டினால் 9 வரணும், அவ்வளவுதான்! இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்து கார்ப்பரேட்டர். பிரிட்டிஷ் எம்.ஜி.பி-யில் ரெண்டு எஸ்.யூ. கார்ப்பரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். சின்ன ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டர் வாயிலும் காட்டுங்கள். 'உஸ்...' என்ற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே திணறினால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால்... பாஸ் மார்க்!

எலெக்ட்ரிக்கல் பக்கம் வந்தால் லூகாஸ். சென்னை பாடியில் லூகாஸ் ஸ்டாப் தெரியுமில்லையா? அந்தப் பெயர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்து வந்ததுதான். 1961-ல் டி.வி.எஸ்ஸோடு கைகோத்து இங்கே கம்பெனி தொடங்கினார்கள். 'இருட்டின் இளவரசன்' என்று பழைய கார் ஓட்டுகிறவர்கள் லூகாஸைக் கிண்டலடிப்பது வழக்கம். ஆனால், ஐம்பது வருஷக் காரில் லைட் எரியாமல் போனால் பெரும்பாலும் குற்றவாளி, துருப்பிடித்த எர்த்தும் பச்சை பூத்த கனெக்டரும்தான். சுத்தமாகத் தேய்த்தாலே பாதி வியாதி போய்விடும்.

வயர் கலரும் ஒரு மொழி. கறுப்பு என்றால் எர்த். பிரவுன் என்றால் எப்போதும் கரன்ட் இருக்கும். வெள்ளையில் சாவி போட்டால்தான் வரும். பச்சை, அதற்கடுத்து ஃபியூஸ் தாண்டி வருவது. இது தெரிந்தால் வயரிங் படம் பரீட்சைத் தாள் மாதிரி பயமுறுத்தாது. ஒரே எச்சரிக்கை: 1967-க்கு முந்தைய மாடல்களில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். தெரியாமல் இன்றைய கார் மாதிரி மாட்டினால் புகைதான்!

உசுரு முக்கியம் மச்சி!

* ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, காரை ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.
* வெல்டிங்குக்கு முன் பாட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை அகற்றிவிட வேண்டும். காலி டாங்கும் வெடிக்கும்.
* பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதவே கூடாது; மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
* பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும்.
* முன் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். சுமார் 5,000 கி.மீ-க்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க மறக்காதீர்கள்.
* என்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஆயில். கார்ப்பரேட்டர் தலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, அங்கேயும் கொஞ்சம் ஆயில் விட வேண்டும்.
* மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இங்கே வேலைக்கு ஆகாது. அங்குல அளவு செட் வேண்டும்.
* 2021-ல் பிரிட்டனில் எத்தனால் 10 சதவிகிதம் கலந்த பெட்ரோல் வந்தது. அது பழைய ரப்பர் ஹோஸ்களை அரிக்கும். ஹோஸை மாற்றுங்கள்.
* வெல்டிங் முடிந்த சில்லுக்குள் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். துளைகளை அடைத்துவிடாதீர்கள்!

சூப்பர்வைசர் இல்லாத எக்ஸாம்

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988 முதல் எம்.ஜி.பி-யின் முழு பாடியையே புதுசாக அடித்துக் கொடுத்தது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம். சில், ஃபெண்டர், பிரேக் என்று தனித்தனியாகவும் வாங்கலாம். ஃபேக்டரி செத்தாலும் கார் சாகாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால், ஒரு விஷயத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்திர ஃபிட்னெஸ் டெஸ்ட் கட்டாயமில்லை. அதாவது, உங்கள் சில்லுக்குள் இருப்பது இரும்பா, பட்டியா என்று வருஷாவருஷம் யாரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள். வண்டி ரோட்டுக்குத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு மட்டும் ஓட்டுகிறவர் தலையில்தான். விருப்பப்பட்டு டெஸ்ட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பக்கத்து சீட்டில் உட்காரப்போவது தங்கச்சியாகவோ நண்பனாகவோ இருக்கும்போது, அதுதானே நியாயம்?

நீங்க எம்.ஜி.பி-யைத் தொடப்போறீங்களோ, தாத்தாவோட பழைய ஸ்கூட்டரைத் தொடப்போறீங்களோ... ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் படுத்து அடியில் பாருங்க. அங்கே இரும்பு உறுதியா இருந்தா, என்ன கலர்னு அப்புறம் சாவகாசமா சண்டை போட்டுக்கலாம்!