கரகரக்கும் குரல்

ஓதுவார்க்குப் பண்ணும், ஆசிரியர்க்குப் பாடமும், செட்டிகுளத்து உழவர் குளக்கட்டில் நின்று வயலை நோக்கி இடும் கூப்பீடும் குரலினாலேயே அமைவன. ஆதலின் தொண்டைப் புற்றுநோய் என்றதும் உயிரச்சத்தோடு, இனிப் பேச இயலாதோ என்னும் அச்சமும் எழுகின்றது. அவ்வச்சத்தால் வைத்தியரை நாடாது காலம் கழிப்பாரும் உளர்.

குரல்நாணில் தோன்றும் புற்று, தொடக்கத்திலேயே குரலைக் கரகரக்கச் செய்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அவ்விடத்தில் நிணநீர்க் குழாய்கள் அரிதாதலின் நோய் விரைந்து பரவுவதில்லை. இந்நிலையிற் கண்டால், ஐந்து முதல் ஏழு வாரக் கதிர்ச் சிகிச்சையாலோ, வாய்வழிச் செய்யும் லேசர் சத்திரசிகிச்சையாலோ பத்தில் ஒன்பது பேரளவில் குணம்பெறுவர். பெரும்பாலும் குரல்வளையை அகற்ற நேர்வதில்லை.

கதிர்ச் சிகிச்சைக் காலத்தில் தொண்டை புண்பட்டுக் குரல் மேலும் கம்மும். சில மாதங்களில் தெளியும். லேசர் சிகிச்சையில், வெட்டின் ஆழத்துக்கேற்ப மூச்சுக் கலந்த மென்குரல் எஞ்சலாம். பழைய குரல் முற்றாக மீளாவிடினும், பெரும்பாலோர் உரையாடவும் தொழில்புரியவும் வல்லராவர். புகையிலையை அறவே விடுதலும், போதிய நீர் அருந்துதலும், குரற் பயிற்சியும் துணைசெய்யும்.

ஜெர்மானிய இளவரசர் பிரெடெரிக்குக்கு 1887இல் குரல் கம்மிற்று. வைத்தியர் தம்முள் முரண்பட்டனர். 1888இல் அரசுகட்டிலேறிய அவர், பேச்சிழந்து எழுதிக்காட்டியே ஆண்டு, 99 நாளில் மறைந்தார். ஊடுகதிர் கண்டறியப்பட்டது 1895இலேயே. நமக்கோ மகரகமையும், 2011ஆம் ஆண்டு நடைபயண நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் உள. கரகரப்பு மூன்று வாரம் கடந்தால், தொண்டை வைத்தியரிடம் காட்டுதலே குரலையும் காக்கும் வழியாகும்.