டெக்ஸ்ச்சர் சுவரை வழவழப்பாக்கணுமா? சுரண்டும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

ஹாலில் ஒரு சுவருக்காவது டெக்ஸ்ச்சர் அடித்தால்தான் வீடு 'மாடர்ன்' என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அந்த மேடு பள்ளங்களில் தூசு படிகிறது, துடைத்தால் துணி மாட்டுகிறது. அதனால் தீபாவளிக்கு முந்தைய பெயிண்டிங் சீசனில் பல வீடுகளில் எழும் கேள்வி: "இதை எடுத்துட்டு பிளெய்ன் சுவரா ஆக்க முடியுமா?"

முடியும். ஆனால் எப்படிச் செய்கிறீர்கள் என்பதில் உங்கள் பணம் மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களின் உடல்நலமும் அடங்கியிருக்கிறது.

தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் வந்துவிடாதா?

யூடியூப் வீடியோக்களில் அப்படித்தான் வருகிறது. அவற்றில் பல, அமெரிக்க வீடுகளின் 'பாப்கார்ன்' மேற்கூரைகள். அது வேறு பொருள். பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தால் தண்ணீரில் ஊறிவிடும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் டெக்ஸ்ச்சர் அல்லது சிமென்ட் கலந்த பூச்சு. இரண்டுமே தண்ணீருக்கு அசையாது.

சந்தேகமா? ஒரு மூலையில் ஒரு சாண் இடத்தில் தண்ணீர் தெளித்து, 15 நிமிடம் கழித்து பட்டி பிளேடால் கீறிப் பாருங்கள். மாவு போல வந்தால் ஈரப்படுத்திச் சுரண்டலாம். வராவிட்டால் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்போ இயந்திரம் வைத்துத் தேய்க்கணுமா?

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீட்டர். அதில் சராசரியாக வெறும் 1 மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தாலும் 37 லிட்டர் கழிவு. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் கிட்டத்தட்ட இரண்டு. உலர்வாகத் தேய்த்தால் இதில் பெரும்பகுதி தூளாகப் பறக்கும்.

அந்தத் தூசில் என்ன இருக்கு?

முதலாவது, ஈயம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பெயிண்ட் அடித்த வீடு என்றால் கவனம் தேவை. குறிப்பாக எண்ணெய் சார்ந்த எனாமல் பெயிண்டில்தான் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு. சமையலறை, மாடிப்படிப் பகுதிகளில் சுவரின் கீழ்ப்பாதியில் பளபளவென்று இருக்குமே, அதுதான்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப், ப்யூர் எர்த் அமைப்புகள் மதிப்பிட்டன. பேட்டரி மறுசுழற்சி உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. பழைய பெயிண்ட் அவற்றில் ஒன்று.

இரண்டாவது, சிலிக்கா. மணலும் சிமென்ட் பூச்சும் தேய்க்கப்படும்போது நுண்ணிய படிகத் துகள்கள் கிளம்பும். பல ஆண்டுகள் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. உங்கள் வீட்டில் இது நான்கு நாள் வேலை. பெயிண்டருக்கு இதுதான் தினசரி வேலை.

எடுக்காமலே வழவழப்பாக்க வழி இருக்கா?

இருக்கு. டெக்ஸ்ச்சர் சுவரோடு உறுதியாக ஒட்டியிருந்தால், மூடிவிடுவதே பெரும்பாலும் நல்லது. விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடங்களை மட்டும் பெயர்த்தெடுத்துப் பூச வேண்டும். ஓதம் இருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதுப் பட்டியும் உதிரும்.

பிறகு வேலை இந்த வரிசையில் நடக்கும்:

- நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மட்டும் பிளேடால் தட்டிவிடுவது. சுவரை ஈரமாக வைத்துக்கொண்டால் தூசு குறையும்.
- கழுவி, காயவிட்டு, பிரைமர் அடிப்பது. எனாமல் மேல் பட்டி பிடிக்காது. பளபளப்பு போக ஈரமாகத் தேய்த்த பிறகே பிரைமர்.
- பள்ளங்களை நிரப்புவது. சாதாரண வெள்ளை சிமென்ட் பட்டி மொத்தம் 1.5 மில்லிமீட்டர் வரைக்கான பொருள். பள்ளம் அதைவிட ஆழம் என்றால், தடிமனாக நிரப்புவதற்கென்றே உள்ள கலவையை முதலில் பூச வேண்டும். ஒரே அடியாகப் பட்டியை அப்பினால் வெடிப்பு விடும்.
- மெல்லியதாக இரண்டு கோட் பட்டி. முதல் கோட் காய்ந்த பிறகே அடுத்தது.
- கடைசியில் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மிச்சமிருக்கும் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும்.

இதிலும் தூசு வரும். ஆனால் பெரும்பாலும் புதுப் பட்டியின் தூசு. பழைய பெயிண்ட் அடியிலேயே மூடிக்கிடக்கும்.

பெயிண்டரிடம் என்ன கேட்கணும்?

தூசை உறிஞ்சும் வேக்குவம் இணைத்த சாண்டர் இருக்கா என்று கேளுங்கள். அறை வாசலை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கணும். பட்டி கலந்த தண்ணீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். கழிவைத் தெருக் கால்வாயிலும் கொட்டக் கூடாது.

முகத்தில் கட்டிய கைக்குட்டை இந்த நுண்துகளைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை மாஸ்க் வேண்டும். பட்டி, பிரைமர், கூலி என்று கொட்டேஷன் போடும்போதே, எத்தனை பேர் எத்தனை நாள் என்று கணக்கிட்டு மாஸ்க் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் அநேகமாக அதுதான் மிகச் சிறிய தொகையாக இருக்கும்.