குளக்கரையில் 15 நிமிடம்... நீங்களும் எழுதலாம்!

"புத்தகம் படிக்கவே நேரமில்லை. இதில் எங்கே எழுதுவது?" நம்மில் பலருடைய புலம்பல் இது. ஆனால், இயற்கையைப் பற்றித் தமிழில் எழுதியவர்களைப் பார்த்தால் நேரத்தின் கணக்கே வேறு மாதிரி இருக்கிறது.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950-ல் ஒரு பத்தி தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, அவ்வளவுதான். ஆனால், 1996-ல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் அதை எழுதினார். யானை, புலி மட்டுமல்ல... காகம், அணில், பல்லி என வீட்டைச் சுற்றி இருந்தவையும் அவருக்கு விஷயம்தான். தமிழில் அவர் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்திருக்கின்றன.

அந்த நூலைத் தொகுத்தவர் சு.தியடோர் பாஸ்கரன். அவர் முழுநேர எழுத்தாளர் அல்ல. அஞ்சல் துறை அதிகாரி. தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக ஓய்வுபெற்றவர். அந்த வேலைக்கு நடுவேதான் பறவை பார்த்தார், சினிமா வரலாறும் எழுதினார்.

தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. கீழப்பாவூர் போன்ற ஊர்களில் குளம் கூப்பிடு தூரத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறினால் முக்குளிப்பான், நாமக்கோழி, மடையான் என்று கரையே களைகட்டும். குற்றாலத்துக்குச் சீசன் என்றால் ஆனி, ஆடி. குளங்களுக்குச் சீசன் அதற்கப்புறம்தான்.

எப்படித் தொடங்குவது? பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில், ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்தாலே போதும். அதே 15 நிமிடத்தை வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், தண்ணீர் அளவு, பார்த்த பறவை, அது என்ன செய்தது... ஐந்து வரி எழுதுங்கள். பெயர் தெரியவில்லையா? நிறம், அலகு, காலின் நீளத்தை எழுதுங்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் பெயர் கிடைத்துவிடும். வாசிப்பும் தானாக வந்துவிட்டது!

"இதனால் என்ன லாபம்?" என்று கேட்கலாம். ஒரு குளம் சுருங்கும்போதும், ஒரு பறவை வராமல் போகும்போதும் ஊரில் யாருக்கும் சட்டென்று தெரிவதில்லை. "அந்தக் காலத்தில் நிறைய வரும்" என்ற பேச்சு மட்டும்தான் மிஞ்சும். தேதியோடு எழுதிய நோட்டு இருந்தால், அது ஊருக்கே சாட்சி.

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. வருகிற ஞாயிறு காலையில் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்!