நெல்லைச் சீமை செம்மறியில் கம்பளி வருமானம் கிடைக்குமா?

"செம்மறியாடுதான் வளர்க்கிறோம். ஆனால் நம் ஆட்டிலிருந்து கம்பளி எடுக்க முடியவில்லையே, ஏன்?" ஆடு வளர்ப்போர் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. கம்பளி ஆடு வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் போடும் முன் கீழே உள்ள விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பளி வேறு, முடி வேறு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பகுதிகளில் உள்ள செவ்வாடு, கீழக்கரிசல், வேம்பூர் ஆகிய மூன்றும் இறைச்சிக்கான முடி ஆடுகள். இவற்றின் ரோமம் குட்டையானது, நேரானது, விறைப்பானது.

கம்பளி இழை மெல்லியது. சுருள் சுருளாக இருக்கும். மேற்பரப்பில் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சுருளும் செதிலும் இருப்பதால்தான் முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூலாகின்றன. மெரினோ ஆட்டின் இழை 24 மைக்ரானுக்கும் குறைவான பருமன் கொண்டது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முரட்டு முடியின் நடுவில் பஞ்சு போன்ற வெற்றிடம் இருக்கும். அதனால் நூலும் திரளாது, சாயமும் சரியாக ஏறாது.

நீங்களே சோதிக்கலாம்: ஒரு கொத்து ரோமத்தை விரல்களுக்கு இடையே வைத்து முறுக்கி இழுங்கள். நீண்டுகொண்டே வந்தால் கம்பளி. உதிர்ந்து பிரிந்தால் முடி.

ஆட்டிலிருந்து ஸ்வெட்டர் வரை

1. ரோமம் கத்தரித்து, சாணமும் முள்ளும் ஒட்டிய பகுதிகளைத் தனியே பிரிப்பார்கள்.
2. சோப்பு கலந்த சூடான நீரில் ஊறவைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவார்கள். கசக்கினால் இழைகள் ஒட்டிக் கட்டியாகிவிடும்.
3. உலர்த்தி, சிக்கெடுத்து, ஒரே சீராகச் சீவுவார்கள்.
4. தக்ளியிலோ ராட்டையிலோ நூற்பார்கள்.
5. மெல்லிய நூலில் ஸ்வெட்டர் பின்னுவார்கள். முரட்டு நூலைத் தறியில் கம்பளமாக நெய்வார்கள். தக்காணப் பகுதி மேய்ப்பர்களின் கம்பளிக்குப் பாவு நூலில் புளியங்கொட்டைப் பசை ஏற்றுவது வழக்கம்.

தமிழகத்தின் கம்பளி ஆடுகள்

மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு. உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனம் பராமரிக்கப்படுகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. இரண்டு இடங்களும் குளிர்ந்த மலைகள் என்பதைக் கவனியுங்கள். சமவெளியில் உள்ள திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் குரும்பை ஆடுகளும் ரோமம் தரும். ஆனால் அது முரட்டு ரகம், கம்பளத்துக்குத்தான் ஆகும்.

நமக்கு ஏற்றதா?

மெல்லிய கம்பளி ஆட்டை நம் வெயிலுக்குக் கொண்டுவருவது நல்லதல்ல. அடர்ந்த ரோமத்தில் வெப்பம் தங்கும். மேய்ச்சல் குறையும், எடை ஏறாது. மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் தோல் அழுகலும் ஈப்புழுவும் வரும். உடைமுள் காட்டில் மேயும்போது ரோமம் சிக்கிக் கிழியும். கம்பளியை வாங்க ஆளும் அருகில் இருக்க வேண்டும். கிடா இறைச்சி, தோல், கிடை வருமானம் மூன்றும் நம் முடி ஆட்டிலேயே இருக்கின்றன. தோலுக்கு நல்ல விலை வேண்டுமானால் உண்ணி, சொறி, முள் காயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசானம் அறுவடை முடிந்த தாமிரபரணி வயல்களில் கிடை போட்டால் வயலுக்கு உரம், உங்களுக்குக் கூலி.

கழிவு ரோமத்தை வீசாதீர்கள்

கம்பளியானாலும் முடியானாலும் கெரட்டின் என்ற புரதம்தான். சுத்தமான ரோமத்தில் தழைச்சத்து சுமார் 16 சதம். கந்தகச் சத்தும் உண்டு. கத்தரித்த ரோமத்தைச் சாணத்துடன் மெல்லிய அடுக்குகளாகக் கலந்து, ஈரம் காயாமல் மட்க வையுங்கள். தென்னை வட்டப்பாத்தியிலும் வாழைத் தூரிலும் மண்ணுக்குள் இட்டு மூடலாம். மட்கப் பல மாதங்கள் ஆகும் என்பதால் உடனடி உரமாக நினைக்க வேண்டாம். உண்ணி மருந்தில் குளிப்பாட்டிய உடனே கத்தரித்த ரோமத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

முக்கிய எச்சரிக்கை

திடீரென இறந்த ஆட்டின் ரோமத்தையோ தோலையோ எடுக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமியின் வித்துகள் ரோமம் வழியாக மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கும். இறந்த ஆட்டை அறுக்காமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

புதிய இனம் வாங்க விரும்புவோர், விலை பேசும் முன் ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உள்ளூர் கால்நடை மருந்தகத்திலோ ஒருமுறை ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது.